ஒரு ஜப்பான் விருந்தும் ஒரு கையெழுத்தும்

(முன்னாள் மாணவர் சந்திப்பு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாடு" என்ற தலைப்பில் பேச வேண்டும் என்று சங்கச் செயலாளர் கேட்டுக்கொண்டார். தலைப்பைக் கேட்டதும் எனக்கே கொட்டாவி வந்தது. அதுவும் இப்போது மணி பன்னிரண்டரை. பக்கத்துக் கூடத்திலிருந்து சாம்பார் வாசனை வேறு வருகிறது. இந்த நேரத்தில் சாப்பாட்டைப் பற்றிப் பேசினால்தான் நீங்கள் கேட்பீர்கள். ஆகவே நான் சாப்பிட்டதிலேயே மோசமான ஒரு விருந்தைப் பற்றிச் சொல்லப் போகிறேன். கடைசியில் தலைப்புக்கு வந்துவிடுவேன், செயலாளர் பயப்பட வேண்டாம்.

என்னைத் தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. நான் 2007-ல் இங்கே இயந்திரவியல் பிரிவில் சேர்ந்து 2011-ல் வெளியே போனவன். வயது முப்பத்தாறு. ஊர் கிளிஞ்சல்மேடு. இப்போது ஒரகடம் பக்கம் வாகன உதிரி பாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் இருக்கிறேன். இந்தக் கல்லூரியில் படித்த நான்கு வருஷமும் "அம்மா என்ன செய்றாங்க?" என்று யாராவது கேட்டால், "வியாபாரம்" என்று சொல்லி நிறுத்திக்கொள்வேன். என்ன வியாபாரம் என்று அடுத்த கேள்வி வருவதற்குள் பேச்சை மாற்றிவிடுவேன். இன்று இந்த மேடையில் சொல்கிறேன், என் அம்மா மீன் விற்றார். கூடையில் சுமந்து தெருத்தெருவாக விற்றார். பிறகு மார்க்கெட்டில் ஓர் ஓரத்தில் உட்கார்ந்து விற்றார். என் கல்லூரிக் கட்டணத்தில் கொஞ்சம் மீன் வாசனை இருந்திருக்கும். அலுவலகத்தில் வாங்கிக்கொண்டவர்கள் மன்னிக்க வேண்டும்.

விஷயத்துக்கு வருகிறேன்.

2018 செப்டம்பர் மாதம். எங்கள் தொழிற்சாலைக்கு ஜப்பானிலிருந்து ஒரு மூத்த பொறியாளர் மூன்று மாதப் பயிற்சி கொடுக்க வந்திருந்தார். அறுபது வயதைத் தாண்டியவர். நாங்கள் எல்லோரும் "பெரியவர்" என்றுதான் சொல்வோம். ஆங்கிலம் அவருக்குக் கொஞ்சம் வரும், மீதிக்கு ஒரு மொழிபெயர்ப்பாளர் கூடவே இருப்பார். வந்த முதல் மாதம் முடிந்ததும் அவருக்கு ஒரு விருந்து கொடுக்க வேண்டும் என்று மேலிடத்தில் முடிவாயிற்று. இடம் பார்க்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

மனுஷர் ஊரை விட்டு வந்து ஒரு மாசம் ஆகிறது, சொந்த ஊர்ச் சாப்பாடு கிடைத்தால் சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வட்டாரத்துக்கு ஜப்பான் நிறுவனங்கள் வந்த பிறகு சென்னையிலும் சுற்றுப்புறத்திலும் ஜப்பானிய உணவகங்கள் பல தோன்றின. சிறிய, நல்ல கடைகள் இருந்தன. நான் அவற்றை விட்டுவிட்டு, இருப்பதிலேயே விலை கூடிய இடத்தைப் பிடித்தேன். பெயர் வேண்டாம். பளிங்குத் தரை, உள்ளேயே ஒரு மூங்கில் தோட்டம், அதில் ஒரு சின்ன நீரோடை. தலைக்கு நாலாயிரத்து ஐந்நூறு ரூபாய், வரி தனி. விலையைப் பார்த்தபோது பயமாக இருந்தாலும், இவ்வளவு வாங்குகிறான் என்றால் நன்றாகத்தான் இருக்கும் என்று ஒரு நிம்மதி. இந்த நிம்மதிதான் நான் செய்த முதல் தவறு.

நாங்கள் ஆறு பேர் போனோம். முதலில் பச்சை மீன் துண்டுகள் வந்தன. பனிக்கட்டிக் குவியல் மேல், பூ வேலைப்பாட்டோடு. ஒரு துண்டைக் குச்சியால் எடுத்து வாயில் வைத்தேன். மீன்காரி பிள்ளை அல்லவா, நாக்கு உடனே சொல்லிவிட்டது: இது செத்த மீன் அல்ல, இரண்டு தடவை செத்த மீன்.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். பச்சையாகச் சாப்பிடும் மீனை உறைய வைப்பது தப்பில்லை. ஒட்டுண்ணிகள் சாவதற்காக, பச்சையாகப் பரிமாறும் மீன்களை மைனஸ் 20 டிகிரியிலோ அதற்குக் கீழோ உறைய வைக்க வேண்டும் என்று பல நாடுகளில் விதியே இருக்கிறது. உறைந்த மீனைக் குளிர்ப்பெட்டியிலேயே மெதுவாக உருக விட வேண்டும். அவசரத்துக்குத் தண்ணீரில் போட்டு உருக்கினாலோ, உருகியதை மறுபடி உறைய வைத்தாலோ, சதைக்குள் இருக்கும் நீர் எல்லாம் வெளியே வந்துவிடும். மீன் பஞ்சு மாதிரி ஆகிவிடும். அன்று தட்டில் இருந்தது அந்தப் பஞ்சு. பூ வேலைப்பாட்டுக்குக் கீழே மீன் விட்ட தண்ணீர் தேங்கி நின்றது.

அடுத்தது சுஷி. புளிக்காடி கலந்த சோற்றின் மேல் மீன் துண்டு. அந்தச் சோறு நம் உடம்புச் சூட்டில் இருக்க வேண்டும். இவர்கள் முன்கூட்டியே பிடித்துக் குளிர்ப்பெட்டியில் வைத்திருக்கிறார்கள். சோற்றைக் குளிர்ப்பெட்டியில் வைத்தால் மாவுச்சத்து இறுகி விறைத்துப் போகும். பழைய சோற்றைத் தண்ணீர் ஊற்றி வைத்த நம் பாட்டிமார்களுக்குத் தெரிந்த விஷயம்தான் இது. அப்புறம் டெம்புரா. போர்த்துக்கீசியர் பதினாறாம் நூற்றாண்டில் ஜப்பானுக்குக் கொண்டுபோன பொரியல் வகை என்று சொல்வார்கள். சட்டியிலிருந்து எடுத்த நிமிஷமே தட்டுக்கு வர வேண்டிய பண்டம். எங்களுக்கு வந்தது, மழையில் நனைந்த பஜ்ஜி. கூடவே ஒரு பச்சை உருண்டை, வசாபி என்றார்கள். உலகத்தில் பெரும்பாலான கடைகளில் வசாபி என்று கொடுப்பது வேறொரு காரக்கிழங்கையும் கடுகையும் கலந்து பச்சை நிறம் ஏற்றிய விழுதுதான். அதை நான் குறையாகச் சொல்லவில்லை. அன்று மேஜையில் உயிரோடு இருந்தது அது ஒன்றுதான்.

சரி, நாங்கள் ஆறு பேரும் என்ன செய்தோம்? எங்கள் மேலாளர் "சூப்பர்" என்றார். அவர் சொன்னதும் பக்கத்தில் இருந்தவர் "பிரமாதம்" என்றார். ஜப்பான் சாப்பாடு இப்படித்தான் இருக்கும்போல, நமக்குத்தான் ரசிக்கத் தெரியவில்லை என்று ஒவ்வொருவரும் மனசுக்குள் நினைத்திருப்போம். நாலாயிரத்து ஐந்நூறு ரூபாய் கொடுத்துவிட்டு "நல்லா இல்லை" என்று சொன்னால், நாம் பட்டிக்காடு என்று ஆகிவிடுமே!

அப்போது பெரியவர் என் பக்கம் திரும்பினார். மொழிபெயர்ப்பாளர் மூலமாகக் கேட்டார்: "நீங்கள் கடற்கரை ஊர்க்காரர் என்று கேள்விப்பட்டேன். மீனைப் பற்றி உங்களுக்குத் தெரியும். இந்த மீன் எப்படி?"

அந்தக் கேள்வி எனக்காகவே செய்து வைத்தது மாதிரி வந்தது. நான் என்ன சொன்னேன் தெரியுமா? பயிற்சி வகுப்பில் கற்றுக்கொண்ட ஜப்பானிய வார்த்தை ஒன்றை எடுத்து விட்டேன். "ஒய்ஷீ!" அப்படியென்றால் "ருசியாக இருக்கிறது". சொல்லிவிட்டு இரண்டு கைகளையும் வேறு கூப்பினேன்.

பெரியவர் தலையை ஆட்டினார். ஒன்றும் சொல்லவில்லை. தட்டில் இருந்ததை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார்.

மறுநாள் காலை ஏழரை மணி. ஒரு லாரி சரக்குக்காகக் காத்து நிற்கிறது. அறுநூறு உதிரி பாகங்கள். ஒவ்வொன்றிலும் 12 மில்லிமீட்டர் துளை ஒன்று. மாணவர்களுக்கு இந்தக் கணக்கு தெரிந்திருக்கும். எச் 7 அளவு என்றால் அந்தத் துளை 12 மில்லிமீட்டருக்குக் குறையவும் கூடாது, அதற்கு மேல் 18 மைக்ரானைத் தாண்டவும் கூடாது. நம் தலைமுடியின் கனத்தில் கால்பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். அதைச் சோதிக்க ஒரு கேஜ் உண்டு. ஒரு முனை துளைக்குள் போக வேண்டும், மறுமுனை போகக் கூடாது. இவ்வளவுதான் வேலை. இரவு ஷிப்டில் சோதித்த பையன், "சார், சிலதுல போகக்கூடாத முனை லேசா உள்ள போற மாதிரி இருக்கு, ஆனா முழுசாப் போகல" என்று சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தான். லாரி ஓட்டுநர் ஹாரன் அடித்தார். நான் "பரவால்ல, ஓகே" என்று தாளில் கையெழுத்துப் போட்டேன்.

பெரியவர் எனக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார். தாளை வாங்கிப் பார்த்தார். மொழிபெயர்ப்பாளரிடம் ஏதோ சொன்னார். அந்த அம்மாள் சொல்லத் தயங்கினார். பெரியவர் மறுபடி சொன்னார். அந்த அம்மாள் தரையைப் பார்த்துக்கொண்டே மொழிபெயர்த்தார்:

"நேற்று இரவு ஒய்ஷீ என்றீர்கள். இந்தக் கையெழுத்தும் அதே ஒய்ஷீதானா என்று கேட்கிறார்."

நண்பர்களே, நான் பல பேரிடம் திட்டு வாங்கியிருக்கிறேன். இந்தக் கல்லூரியிலேயே வாங்கியிருக்கிறேன், திட்டியவர்கள் முன்வரிசையில் இருக்கிறார்கள். ஆனால் அந்த ஒரு வரி மாதிரி எதுவும் என்னைத் தைத்ததில்லை. லாரியை நிறுத்தச் சொன்னேன். அறுநூறையும் இறக்கி ஒவ்வொன்றாக நானே சோதித்தேன். மத்தியானம் ஆகிவிட்டது. நாற்பத்து மூன்று தேறவில்லை. ரீமரைப் பிடிக்கும் இடத்தில் சின்ன ஆட்டம், அதனால் துளை பெரிதாகிக்கொண்டே வந்திருக்கிறது. அந்தப் பாகம் வண்டியின் பிரேக் பகுதியில் போய்ச் சேர்வது. அந்த வண்டியில் யார் போவார்களோ எனக்குத் தெரியாது. இரவு ஷிப்டுப் பையன் என் முகத்தைப் பார்த்தானே, அவன் கேட்டது ஓகே அல்ல, "நிறுத்தலாமா சார்?" என்பதுதான். அது எனக்கு மத்தியானம்தான் புரிந்தது.

சாயங்காலம் பெரியவர் என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். டொயோட்டா நிறுவனத்தின் மூலத்தைப் பற்றிச் சொன்னார். நம்மில் பலருக்கும் அது கார் கம்பெனி. அதற்கு முன்னால் அந்தக் குடும்பம் தறி செய்தது. சகிச்சி டொயோடா என்பவரின் பெயரோடு 1924-ல் வந்த தானியங்கித் தறிக்கு ஒரு விசேஷம் இருந்தது. ஓடிக்கொண்டிருக்கும்போது ஒரு நூல் அறுந்தால் தறி தானே நின்றுவிடும். அறுந்த நூலோடு நூறு கஜம் கெட்ட துணி நெய்வதைவிட நின்றுவிடுவது மேல். பிற்காலத்தில் அந்தக் கார்த் தொழிற்சாலைகளில் ஒரு கயிறு கட்டித் தொங்கவிட்டார்கள். வேலையில் கோளாறு கண்ட எந்தத் தொழிலாளியும் அதை இழுக்கலாம், சரிசெய்ய முடியாவிட்டால் வரிசையே நின்றுவிடும். "உங்கள் நாக்கு அறுந்த நூலைக் கண்டது. உங்கள் தறி நிற்கவில்லை" என்றார்.

நான் ஒரு கேள்வி கேட்டேன். "ஐயா, உங்களுக்கும் அந்த மீன் பிடிக்கவில்லை அல்லவா? பிறகு ஏன் எல்லாவற்றையும் சாப்பிட்டீர்கள்?" அவர் சிரித்துவிட்டார். "விருந்து கொடுத்தவர் மனம் நோகக் கூடாது என்று சாப்பிட்டேன். நானும் பொய்தான் சொன்னேன், வாயால் சொல்லாமல் வயிற்றால் சொன்னேன். ஆனால் மேஜையில் சொல்லும் பொய் மறுநாள் பட்டறைக்கும் நம்மோடு வந்துவிடுகிறது. எனக்கு நாற்பது வருஷமாக அந்தப் பயம் உண்டு."

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அம்மாவின் நினைவு வந்தது.

அம்மா மீன் விற்றதை நான் வெட்கப்பட்டு மறைத்தேனே தவிர, எப்படி விற்றார் என்பதை நான் யோசித்ததே இல்லை. செவுளைத் தூக்கிக் காட்டுவார், சிவப்பாக இருக்க வேண்டும். கண் பிதுங்கித் தெளிவாக இருக்க வேண்டும். விரலால் அழுத்தினால் குழி விழுந்து நிற்கக் கூடாது. இதெல்லாம் எல்லா மீன்காரரும் சொல்வதுதான். அம்மாவிடம் வேறு ஒரு பழக்கம் இருந்தது. "இது நேத்து மீனு. கொழம்புக்கு ஆவும், வறுக்க வேணாம்" என்று வாங்க வந்தவரிடம் தானே சொல்வார். இப்போது நம் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். 2017-க்கு முன் அது 45 நாளாக இருந்தது. அந்த நாட்களில் விசைப்படகு போகாது, மேற்குக் கரையிலிருந்து ஐஸ் பெட்டியில் மீன் வரும். அம்மா அதையும் மறைக்க மாட்டார். "கேரளாவுலேருந்து வந்தது, நம்ம கடலு மீனு இல்ல" என்பார். வாங்க வந்தவர்கள் சிலர் திரும்பிப் போய்விடுவார்கள். எனக்கு அப்போதெல்லாம் கோபமாக வரும். சும்மா இருந்தால் வாங்கியிருப்பார்களே!

2004 டிசம்பர் 26-ல் கடல் ஊருக்குள் வந்தது. இங்கே இருக்கும் பலருக்கு அதைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. அதற்குப் பிறகு பல வாரம் ஜனங்கள் மீன் தின்னவே பயந்தார்கள். மறுபடி வியாபாரம் தொடங்கியபோது அம்மாவிடம் முதலில் வந்தவர்கள் யார் தெரியுமா? முன்பு "நேத்து மீனு" என்று கேட்டுத் திரும்பிப் போனவர்கள். "இந்தம்மா நல்லாருக்குன்னு சொன்னா நல்லாருக்கும்" என்று ஒருவர் சொன்னதை நான் என் காதால் கேட்டேன். பதினைந்து வயதில் கேட்டதை இருபத்தொன்பது வயதில்தான் புரிந்துகொண்டேன்.

மறுநாள் அந்த உணவகத்துக்கு ஒரு கடிதம் எழுதினேன். சண்டைக் கடிதம் இல்லை, பணத்தைத் திருப்பிக் கேட்கவும் இல்லை. மீன் உருக்கிய விதம், சோற்றின் சூடு, பொரியல் வந்த நேரம் என்று மூன்று விஷயங்களை எழுதினேன். எங்கள் தொழிற்சாலையில் குறை எழுதும் முறைப்படி: எதைப் பார்த்தேன், எப்படி இருந்திருக்க வேண்டும், எதனால் ஆகியிருக்கலாம். பதில் வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. நாலாம் நாள் அங்கே சமைக்கும் பையனே தொலைபேசியில் பேசினான். வடகிழக்கு மாநிலத்துப் பையன். உடைந்த இந்தியில் அவனும், அதைவிட உடைந்த இந்தியில் நானும். அவன் ஜப்பானைப் பார்த்ததில்லை. சில வாரப் பயிற்சியோடு இங்கே அனுப்பிவிட்டார்கள். "எட்டு மாசமா இருக்கேன் சார். தினமும் மேஜைக்குப் போய்க் கேக்கறேன். எல்லாரும் சூப்பர்னு சொல்றாங்க. நீங்கதான் முதல்ல சொல்லியிருக்கீங்க. சோறு என்ன சூட்டுல இருக்கணும்னு இன்னொரு தடவை சொல்லுங்க சார்" என்றான்.

எனக்கு வருத்தமாகிவிட்டது. எட்டு மாசம் அவனுக்கு நாங்கள் எல்லோரும் சேர்ந்து துரோகம் செய்திருக்கிறோம். "நன்றாக இருக்கிறது" என்று சொல்லிச் சொல்லியே அந்தப் பையனைக் கற்றுக்கொள்ள விடாமல் பண்ணிவிட்டோம்.

இதற்கு நேர் எதிரான ஒரு கதை ஜப்பானிலேயே நடந்திருக்கிறது. ராஷ் பிஹாரி போஸ் என்ற புரட்சி வீரர் வெள்ளைக்காரனிடமிருந்து தப்பி 1915-ல் ஜப்பானுக்குப் போனார். டோக்கியோவில் நகமுராயா என்ற ரொட்டிக் கடை வைத்திருந்த சோமா குடும்பத்தார் அவரை ஒளித்து வைத்துக் காப்பாற்றினார்கள். 1918-ல் அவர்கள் வீட்டுப் பெண்ணையே மணந்தார். அன்று ஜப்பானில் கறி என்று பரிமாறியது ஆங்கிலேயர் வழியாக வந்த மாவு கரைத்த குழம்பு. போஸ் அதைச் சாப்பிட்டுவிட்டுச் சும்மா இருக்கவில்லை. எங்கள் ஊர்க் குழம்பு இதுவல்ல என்றார், அசலைச் செய்து காட்டினார். 1927-ல் நகமுராயா அந்த இந்தியக் கறியைத் தன் உணவகத்தில் பரிமாறத் தொடங்கியது. இன்றும் அந்தக் கடையின் பெயர் சொல்லும் பண்டம் அதுதான். அடைக்கலம் கொடுத்த வீட்டில் உட்கார்ந்துகொண்டு "இது சரியில்லை" என்று சொல்ல ஒரு துணிச்சல் வேண்டும். கூடவே "சரியானது இதோ" என்று செய்து காட்ட ஒரு அன்பும் வேண்டும். இரண்டும் இருந்ததால் ஒரு ஊருக்கே நல்ல சாப்பாடு கிடைத்தது.

இன்னும் ஒரு சாப்பாடு பாக்கி இருக்கிறது. அதைச் சொல்லி முடித்துவிடுகிறேன்.

பெரியவர் என் ஊரைப் பார்க்க ஆசைப்பட்டார். ஒரு சனிக்கிழமை இரவு கிளம்பிக் காரைக்கால் வந்தோம். காலையில் வழியெல்லாம் வயலைப் பார்த்துக்கொண்டே வந்தார். அறுபதுகளில் தஞ்சைப் பகுதியில் பரவிய ஆடுதுறை 27 நெல்லுக்கு ஒரு பெற்றோர் ஜப்பானிய ரகம், இன்னொன்று நம் ஜி.இ.பி. 24 என்று நான் சொன்னதும், "அப்படியானால் நாம் உறவுக்காரர்கள்" என்றார்.

வீட்டில் அம்மா சங்கரா மீன் குழம்பும், கணவாய் வறுவலும், மாசிச் சம்பலும் செய்திருந்தார். நாகூர், காரைக்கால் பக்கம் மாசி தெரியாதவர்கள் இருக்க மாட்டீர்கள். சூரை மீனை அவித்து, புகை போட்டு, கட்டை மாதிரி காய வைத்தது. மாலத்தீவிலும் மினிக்காயிலும் செய்வது. பெரியவர் அந்தக் கட்டையைக் கையில் எடுத்தார், முகர்ந்தார், கண்கள் விரிந்தன. "கட்சுவோபுஷி!" என்றார். அவர்கள் ஊரிலும் அதே சூரை இனத்து மீனை அவித்து, புகை போட்டு, காய வைத்து, சீவிச் சாறு எடுக்கிறார்கள். ஜப்பான் சமையலுக்கே அதுதான் அடிப்படை. நாலாயிரத்து ஐந்நூறு ரூபாய் கொடுத்து நான் தேடிய ருசி என் வீட்டு அடுக்களையில் ஒரு டப்பாவில் இத்தனை வருஷமாக இருந்திருக்கிறது.

சாப்பிட்டு முடித்ததும் அம்மா, "கொழம்பு எப்புடி இருக்குன்னு கேளுடா தம்பி" என்றார். கேட்டேன். பெரியவர் தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னார்: "மீன் மிக நல்ல மீன். காரம் எனக்கு மிக அதிகம்." நான் அம்மாவிடம், "ரொம்ப நல்லாருக்காம்மா" என்றேன்.

அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தார். "அவரு ரெண்டு விஷயம் சொன்னாரு. நீ ஒண்ணுதான் சொல்ற. அவரு கண்ணுல தண்ணி வருதே, காரமாடா?" என்று கேட்டு, ஒரு கிண்ணம் தயிர் கொண்டுவந்து வைத்தார். பெரியவர் அதற்குப் பிறகு இன்னும் ஒரு துண்டு மீன் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். பாருங்கள், அத்தனை பட்ட பிறகும் எனக்குப் பழக்கம் போகவில்லை. அன்று என் பொய்யை ஓடவிட்டிருந்தால் அந்த மனுஷருக்குத் தயிர் கிடைத்திருக்காது.

நம் ஊர்ப் பெருமையே ஒரு சாப்பாட்டு வேளையில்தான் தொடங்குகிறது. ஆண்டுதோறும் ஆனி மாதம் மாங்கனித் திருவிழா கொண்டாடுகிறோம். பரமதத்தன் முதல் கனியைத் தின்றான், இன்னொன்று கேட்டான். இரண்டாவது கனி வாயில் பட்டதும் இது முன்னதைப் போல் இல்லையே, எங்கே கிடைத்தது என்று கேட்டான். நாக்கு சொன்னதை அவன் மறைக்கவில்லை. புனிதவதியாரும் நடந்ததை மறைக்கவில்லை. அதிலிருந்துதான் காரைக்கால் அம்மையாரின் கதை. எனக்குப் பெரிய ஆன்மிக விளக்கம் எல்லாம் தெரியாது. கேட்டவனும் மறைக்கவில்லை, சொன்னவரும் மறைக்கவில்லை என்பதை மட்டும் ஒரு தரக்கட்டுப்பாட்டுக்காரனாகக் கவனித்து வைத்திருக்கிறேன்.

மாணவச் செல்வங்களே, நாளை நீங்கள் வேலைக்குப் போவீர்கள். பாலம் கட்டுவீர்கள், மின்மாற்றி சோதிப்பீர்கள், கணினி நிரல் எழுதுவீர்கள். ஏதாவது ஒரு தாளில் கையெழுத்துப் போடச் சொல்லி யாராவது அவசரப்படுத்துவார்கள். அப்போது உங்களுக்கு இளையவன் ஒருவன் தயங்கிக்கொண்டே "சார், லேசா..." என்று இழுப்பான். தயவுசெய்து அவன் வாக்கியத்தை முடிக்க விடுங்கள். அந்த லாரிக்காரர் ஹாரன் அடித்தால் அடிக்கட்டும்.

அந்தச் சமையல்காரப் பையன் இன்று வேறு ஊரில் வேறு கடையில் இருக்கிறான். தீபாவளிக்கு வாழ்த்துச் சொல்வான். ஒவ்வொரு தடவையும் மறக்காமல், "சோறு சூடா இருக்கு சார்" என்பான். என் அம்மாவுக்கு இப்போது வயதாகிவிட்டது, மார்க்கெட்டுக்குப் போவதில்லை. இன்று நான் பேசுகிறேன் என்று கேட்டு இங்கே வந்து மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். அம்மா, நான் பேசியது எப்படி இருந்தது என்று வீட்டுக்குப் போய்ச் சொல்லுங்கள். இரண்டு விஷயமும் சொல்லுங்கள்.

செயலாளர் அவர்களே, தலைப்புக்கு வந்துவிட்டேன். பக்கத்துக் கூடத்தில் இலை போட்டுவிட்டார்கள். சாப்பிட்டுவிட்டு எப்படி இருந்தது என்று சமையல்காரரிடம் உள்ளபடி சொல்லிவிட்டுப் போகும்படி எல்லோரையும் கேட்டுக்கொள்கிறேன்.